ரீச்சரிடம் கேளுங்கள்: ஒரு மேசை, மூன்று பிள்ளைகள்

இரண்டு இதழுக்கு முன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிப்பது பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வருமென்று நினைக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஒரே பிரச்சினைதான்: பிள்ளைகள் ஒரே வயதில் இல்லை, அம்மா மட்டும் ஒருத்தி. அதனால் இந்த முறை ஒரு நீளக் கடிதம், இரண்டு குட்டிக் கடிதம். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கேள்விக்கும் இதற்குள்ளேயே பதில் கிடைக்கலாம்.

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு தாய்:

"ரீச்சருக்கு வணக்கம். ஐந்து வருடம் கட்டாரில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவர் இன்னும் அங்கேதான் வேலை. மூத்த மகளுக்கு 13, மகனுக்கு 9, கடைக்குட்டிக்கு 4. அங்கே இருக்கும்போதே ஆங்கிலத்தில் வீட்டில் வைத்துத்தான் படிப்பித்தேன், இங்கேயும் அதையே தொடர்கிறேன். போன வருடம் மூன்று பேருக்கும் மூன்று நேரசூசி போட்டு, நிறம் நிறமாகக் கோடு கீறி, பிரிட்ஜில் ஒட்டினேன். பத்து நாள் ஓடவில்லை. பெரியவளுக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் மகன் மெல்ல எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவான், சின்னவள் மேசையில் ஏறி அக்காவின் கொப்பியில் கிறுக்குவாள். பின்னேரமாகும்போது எனக்குத் தொண்டை கட்டிவிடும். தம்பிக்குச் சொல்லிக்கொடு என்று அக்காவிடம் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இதற்குள் மாமி வேறு, பள்ளிக்கூடம் அனுப்பாமல் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்கிறா. ஜனவரியில் திரும்பத் தொடங்க வேணும். எங்கே பிடித்துத் தொடங்குவது?"

தங்கச்சி, முதலில் மாமியின் கேள்வியை முடித்துவிடுவோம், ஏனென்றால் மாமி கேட்டது நியாயமான கேள்வி. நம் இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரைக்கும் பிள்ளைக்குக் கல்வி கட்டாயம். முன்னர் 14 வயது வரைதான் இருந்தது, 2016இல்தான் 16 ஆக்கினார்கள். ஆகவே சின்னவளை விடுங்கள், மற்ற இருவரும் அந்த வயதுக்குள் நிற்கிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒருநாள் நேரில் போய், பிள்ளைகள் எந்தப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள், எந்தப் பரீட்சைக்குப் போகப் போகிறார்கள் என்பதை எழுத்தில் கொடுத்துப் பேசிவிட்டு வாருங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கொப்பிகளையும் எறிய வேண்டாம், யாராவது கேட்டு வந்தால் மேசையில் தூக்கி வைக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சரி, இனி மேசைக்கு வருவோம்.

நான் வேலை தொடங்கியது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். மண்முனைத்துறையில் பாலம் வந்தது 2014இல்தானே, அப்போது பாதையில், அதுதான் ஆள் ஏற்றுகிற மிதவையில், ஏறித்தான் போக வேணும். பாதை அக்கரையில் நின்றால் நாங்கள் இக்கரையில் காய வேண்டியதுதான். முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை ஒரே மண்டபம், ஆசிரியர் இரண்டு பேர், அதில் ஒருவர் அதிபர். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து தரமும் என் தலையில். முதல் மாதம் நானும் உங்களைப் போலத்தான், ஐந்து தரத்துக்கும் ஐந்து பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போய், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி, பத்து மணிக்கே வெறும் காற்றுத்தான் தொண்டையிலிருந்து வரும்.

அங்கே மூத்த ரீச்சர் ஒருவர் இடைக்கிடை பதிலுக்கு வருவார். அவர்தான் ஒருநாள் சொன்னார், "பிள்ளை, வாய் ஒன்றுதான் உனக்கு இருக்கு. ஒரு தரத்துக்கு வாயைக் குடு, மற்றதுகளுக்குக் கைவேலையைக் குடு" என்று. இதற்குமேல் எந்தப் பயிற்சிநெறியிலும் நான் பெரிதாக எதையும் படிக்கவில்லை, அதற்கு அவர்கள் பல்தரக் கற்பித்தல் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மூன்று நேரசூசியும் ஏன் விழுந்தது? மூன்றிலும் எல்லாப் பாடத்துக்கும் உங்கள் வாய் தேவைப்பட்டிருக்கும். வீட்டுக்குள் மூன்று பள்ளிக்கூடம் நடத்தப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் நடத்துங்கள். தனித்தனியாகப் படிப்பிக்க வேண்டியது இரண்டே இரண்டு: கணிதமும் வாசிப்பும். அவை படிப்படியாக ஏறுகிற விஷயம், 9 வயதுக்காரனை அக்காவின் படியில் ஏற்ற முடியாது. மற்றதெல்லாம் - விஞ்ஞானம், வரலாறு, புவியியல், தமிழ், சித்திரம் - மூன்று பேருக்கும் ஒரே விஷயம், ஆளுக்கேற்ற வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கல்லடியில் இருந்துகொண்டு ஜனவரியில் தொடங்குகிறவருக்கு இதைவிட மலிவான பாடம் கிடையாது: மழை. ஒரு பால்மா டின், அடி தட்டையாக, பக்கம் நேராக இருக்க வேணும். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத இடத்தில், முற்றத்து நடுவில், காற்றுக்கு உருளாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். காலை எட்டரைக்கு மகன் அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று பார்க்கிறான், எழுதுகிறான், தண்ணீரை ஊற்றிவிட்டு டின்னைத் திரும்ப வைக்கிறான். அடிமட்டத்தின் நுனியில் பூச்சியத்துக்கு முன் கொஞ்சம் வெறும் இடம் இருக்கும், அதையும் கூட்ட வேணும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவனே கண்டுபிடிப்பான். மாத முடிவில் சலாகை வரைபு கீறுவான். முற்றத்துக்கு ஓடுகிற பிள்ளை என்றீர்களே, அவனுக்கு முற்றத்திலேயே வேலை வைத்தாயிற்று.

பெரியவளுக்கு அதே டின்தான். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். அப்படியென்றால் உங்கள் வீட்டுக் கூரை 60 சதுர மீற்றர், இன்று 25 மில்லிமீற்றர் மழை, கூரையிலிருந்து வழிந்தது எத்தனை லீற்றர்? 1,500. நம் வீட்டுத் தாங்கி எத்தனை லீற்றர்? எத்தனை தரம் நிரம்பும்? பிறகு, வடகீழ்ப் பருவக்காற்று ஏன் நமக்கு ஒக்டோபர் தாண்டித்தான் மழை கொண்டுவருகிறது, அதே காற்று கொழும்புக்கு ஏன் அவ்வளவு தருவதில்லை என்று வரைபடத்தோடு அவள் ஒரு பக்கம் எழுதட்டும். சின்னவள் டின்னில் இருந்த தண்ணீரைக் கோப்பை கோப்பையாக எண்ணி ஊற்றுவாள், இன்று வெயிலா மழையா என்று ஒரு படம் கீறுவாள், 'ம' எழுதுவாள். முடிந்தது.

அதற்குமேல் உங்களுக்கு வீட்டிலேயே ஒரு புத்தகம் நடமாடிக்கொண்டிருக்கிறது, உங்கள் அம்மா. நம் பக்கத்தில் பெண்ணுக்குத்தானே வீடு, அதனால் அம்மம்மா அநேகமாக அதே வளவுக்குள் இருப்பா. 1978 நவம்பர் 23 என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். சூறாவளி அன்று யார் எந்தக் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது, கூரை எந்தப் பக்கமாகப் போனது, விடியும்போது தென்னைகள் எப்படிக் கிடந்தன, எல்லாம் வரும். மகன் போனில் ஒலிப்பதிவு செய்யட்டும், மகள் அதைக் கேட்டுத் தமிழில் எழுதட்டும். ஐந்து வருடம் வெளியே இருந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தாலும் எழுதக் கை தயங்கும், இப்படி எழுதினால் தயக்கம் தெரியாமலே போகும்.

தமிழ் என்றதும் ஒன்று. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் முதலாம் தரத்திலிருந்து பாடநூல்கள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன, மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு 13 வயது என்பதால் எட்டாம் தரத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். ஐந்தாம் தரத்துப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், இடறினால் நாலாம் தரம். அச்செடுத்ததும் மேலே பிரவுண் பேப்பர் மட்டை போட்டுவிடுங்கள், தரம் வெளியில் தெரியக் கூடாது. 13 வயதுப் பிள்ளையின் கையில் பெரிதாக 4 என்று போட்ட புத்தகம் இருந்தால் அவள் ஒரு வரியும் வாசிக்க மாட்டாள், தம்பி அதைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

இனி அக்காவின் முகம். இதில் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான், மூத்த மாணவன், சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது அவன்தான். மணலில் விரலால் எழுதுவார்கள். அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 வாக்கில் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தியபோது, நாட்டுப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதையே தன் பள்ளிக்கூடத்திலும் வைத்து, மூத்த பிள்ளைகளைக் கொண்டே சின்னவர்களைப் படிப்பித்தார். 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்துக்காரர் அதை 'மெட்ராஸ் முறை' என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். திண்ணைச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு சதமும் கிடைத்திருக்காது, அது வேறு கதை.

நானும் அப்படி ஒரு சட்டாம்பிள்ளை வைத்தேன். ஐந்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி, கெட்டிக்காரி, முத்து முத்தாக எழுதுவாள். இரண்டாம் தரத்தை அவளிடம் விட்டுவிட்டேன். இரண்டாம் தரம் அழகாக வாசிக்கத் தொடங்கியது, எனக்கு நிம்மதி, ஒரு தவணை முழுக்க அப்படியே ஓடியது. தவணைப் பரீட்சையில் அந்தப் பிள்ளைக்குப் பின்னங்கள் ஒன்றுமே தெரியவில்லை. ஏனென்றால் நான் ஐந்தாம் தரத்துக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்த நேரமெல்லாம் அவள் அங்கே சின்னவர்களோடு இருந்திருக்கிறாள். அவளுடைய அம்மா வந்து சண்டை பிடிக்கவில்லை. "ரீச்சர், என்ட புள்ள படிக்கத்தான வாற, படிப்பிக்க இல்லையே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனா. எனக்கு இப்போதும் அது காதுக்குள் நிற்கிறது.

ஆகவே, உங்கள் மகள் முகத்தைத் தூக்கினால் அவளில் பிழை இல்லை. தம்பி வாசிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் அவள் வேலை, 15 நிமிடம், அதுவும் எந்த நேரம் என்று அவளே சொல்லட்டும். கணிதம் திருத்துவது, தங்கச்சியைக் குளிக்க வார்ப்பது, சோறு தீற்றுவதெல்லாம் படிக்கிற நேரத்துக்குள் வரக் கூடாது. பதிலுக்கு அவளுக்கென்று ஒரு மணித்தியாலம் கொடுங்கள், சின்னவள் மத்தியானம் தூங்குகிற நேரம்தான் அதற்கு வசதி. உங்கள் வாய் அப்போது அவளுக்கு மட்டும். அந்த நேரத்தில் சமையலோ உடுப்பு மடிப்போ போன் பேச்சோ வேண்டாம், கட்டாரிலிருந்து அழைப்பு வந்தாலும் பிறகு எடுக்கிறேன் என்று சொல்லுங்கள்.

காலையில் முதல் ஆள் சின்னவள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பெரிய பிள்ளைக்குத்தானே பாடம் கூட என்று பெரியவளோடு குந்திவிடுவார்கள், குட்டி மேசையில் ஏறத்தான் செய்யும். முதல் 20 நிமிடம் அவளை மடியில் வைத்துக் கதை சொல்லி, பாட்டுப் பாடி, மணல் தட்டில் எழுத விட்டு, வயிறு நிரம்புவதுபோல அம்மாவைக் கொடுத்துவிடுங்கள். பிறகு அரை மணித்தியாலமாவது தன்பாட்டில் விளையாடுவாள். படிக்கிற நேரத்துக்கு மட்டும் திறக்கிற ஒரு பெட்டியும் வையுங்கள்: பெரிய சிப்பி, பழைய சாவிக்கொத்து, மூடி போட்ட போத்தல், துணித்துண்டு. மற்ற நேரம் அது அலுமாரிக்கு மேலே இருக்க வேணும், எந்நேரமும் கிடைத்தால் மவுசு போய்விடும். புளியங்கொட்டை மட்டும் வேண்டாம். எண்ணிப் படிக்க நல்லதென்று நான் ஒருதரம் கொடுத்து, ஒன்று மூக்குக்குள் போய், ஆஸ்பத்திரிக்குப் பாதை ஏறிப் போக வேண்டி வந்தது. அன்றைக்கும் பாதை அக்கரையில்தான் நின்றது.

மகனைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் பெரியவளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சின்னவளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அவனைப் பற்றி ஒரே ஒரு வரி, எழும்பிப் போய்விடுவான் என்று. சத்தம் போடாத பிள்ளை என்பதால் அவனை யாரும் தேடுவதில்லை போலிருக்கிறது. உங்கள் வலது கைப்பக்கக் கதிரையை அவனுக்குக் கொடுங்கள். சின்னவளுக்கு அடுத்தபடியாக அவனுடைய கணிதம், 25 நிமிடம், அதைத் தாண்டவே வேண்டாம். நின்றுகொண்டு செய்ய விரும்பினால் நிற்கட்டும். ஐந்து கணக்குச் சரியாகச் செய்தால் பத்து இருந்தாலும் மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

அந்த நேரமெல்லாம் பெரியவள் என்ன செய்வாள்? கைவேலை. அவள் தானாகச் செய்ய வேண்டியதை முதல் நாள் இரவே ஒரு துண்டில் எழுதி வையுங்கள், விளங்காத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். கேள்விக்குறிகளை எல்லாம் மத்தியான மணித்தியாலத்தில் பார்க்கலாம். 13 வயதுக்கு இது வரும். முதல் வாரம் பத்துத் தரம் "அம்மா!" என்று கூப்பிடுவாள், நீங்கள் துண்டைக் காட்டுங்கள்.

இதையெல்லாம் ஜனவரி முதல் திங்களன்றே தொடங்க வேண்டாம். முதல் வாரம் சின்னவளின் 20 நிமிடமும் இரண்டு பேரின் கணிதமும் மட்டும், மிச்ச நேரம் விளையாடட்டும். இரண்டாம் வாரம் வாசிப்பு. மூன்றாம் வாரம் மழை டின். மாத முடிவில்தான் முழுப் பள்ளிக்கூடம். என் கணக்கில் பெரியவளுக்கு ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம், மகனுக்கு இரண்டரை, சின்னவளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக அரை மணித்தியாலம் போதும். பள்ளிக்கூடத்தில் ஆறு மணித்தியாலம் இருக்கிறார்களே என்று மாமி சொன்னால், வரிசையில் நிற்பதையும் இடாப்புக் கூப்பிடுவதையும் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு உம்மா:

"அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். மூத்த மகனுக்கு 15 வயசு. சுகமில்லாமல் ஒரு வருசத்துக்கு மேல பள்ளிக்குப் போகல்ல, இப்ப வீட்டிலயிருந்து ஓ.எல். (சாதாரண தரம்) சோதனை எடுக்கப் போறான். தம்பிக்கு 8, தங்கச்சிக்கு 6, அதுகள் பள்ளிக்குப் போய் வந்ததும் வீடு சந்தையாகிடும். எப்பிடிச் சமாளிக்கிற?"

வஅலைக்கும் ஸலாம். உங்களுக்குப் பதில் கொஞ்சம் வேறு, ஏனென்றால் ஓ.எல். வீட்டு ஒழுங்குக்குக் காத்திருக்காது. பாடசாலைக்குப் போகாத பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம், விண்ணப்பத்துக்குப் பரீட்சைத் திணைக்களம் முடிவுத் திகதி போட்டு அறிவிக்கும், அதைத் தவறவிட்டால் அந்த வருடம் போய்விடும். மகனுக்கு 15 முடிந்திருந்தால் அடையாள அட்டைக்கு இப்போதே கிராம அலுவலரிடம் போங்கள். பள்ளியில் இருந்தால் அதிபர் பார்த்திருப்பார், இப்போது நீங்கள்தான் அதிபர்.

ஒன்பது பாடம். அதில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எல்லோருக்கும் பொது, மிச்சம் மூன்றும் தெரிவு. தெரிவில் செய்முறைப் பரீட்சை உள்ள பாடத்தை வீட்டிலிருக்கிற பிள்ளை எடுக்காமல் இருந்தால் அலைச்சல் குறைவு. சின்னவர்கள் பள்ளியில் இருக்கிற காலை நேரம் முழுக்க மகனுக்கு. பின்னேரம் அவர்கள் குர்ஆன் மதரஸாவுக்குப் போவார்கள்தானே, அந்த நேரத்தில் கிழமைக்கு இரண்டு நாள் கடந்தகால வினாத்தாள் ஒன்றை மணிக்கூட்டை வைத்து எழுதட்டும். சந்தை கூடுகிற நேரத்தில் அவனைப் படி படி என்று நெருக்க வேண்டாம். அந்த நேரம் தம்பிக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கேட்கட்டும், சுகமில்லாமல் வீட்டோடு கிடக்கிற பிள்ளைக்கு யாராவது தன்னை "காக்கா, காக்கா" (அண்ணா) என்று சுற்றி வந்தால் அதுவும் மருந்துதான். நான் மேலே எழுதிய 15 நிமிடக் கணக்கு இங்கேயும் உண்டு.

திருக்கோவிலிலிருந்து ஒரு தகப்பன்:

"இரண்டு பிள்ளைகள், 11, 7. வீட்டில்தான் படிப்பு. வருடா வருடம் ஜனவரியில் தொடங்குவோம், மழை வெள்ளம் என்று பாதி நாள் போய்விடும், பிறகு வேளாண்மை வெட்டு வந்துவிடும். எந்த மாதம் தொடங்குவது நல்லது? புதுக் கொப்பி, புத்தகம் எவ்வளவு வாங்க வேணும்?"

பொங்கலுக்குப் பிறகு தைப்பூசத்தன்று தொடங்குங்கள் தம்பி. ஏடு தொடக்குகிற நாள், பிள்ளைகளுக்கும் மனதில் நிற்கும், மழையும் அநேகமாகக் குறைந்திருக்கும். பிறகு திகதியைப் பார்க்காமல் நாளை எண்ணுங்கள். கலண்டரில் படித்த நாளுக்கு மட்டும் இலக்கம் போட்டு வாருங்கள், 40 வந்ததும் ஒரு கிழமை விடுமுறை. வேளாண்மை வெட்டுகிற நாட்களில் பிள்ளைகளை வயலுக்கே கூட்டிப்போங்கள், ஏக்கருக்கு எத்தனை மூட்டை, மூட்டைக்கு எத்தனை கிலோ, வெட்டு மெசினுக்கு எவ்வளவு கூலி, மிச்சம் என்ன என்று 11 வயதுக்காரர் கணக்கு எழுதட்டும், சின்னவர் மூட்டையை எண்ணட்டும். அந்த நாளுக்கும் இலக்கம் போடலாம்.

கொப்பி ஆளுக்கு மூன்று போதும்: கணிதத்துக்குச் சதுரக் கொப்பி ஒன்று, எழுத ஒன்று, கோடில்லாதது ஒன்று. போன வருடக் கொப்பிகளில் எழுதாத தாள் எவ்வளவு மிச்சம் என்று முதலில் எடுத்துப் பாருங்கள். அவற்றைக் கிழித்து ஒன்றாகத் தைத்தால் செய்கை வேலைக்கு ஒரு கொப்பி வந்துவிடும், தைக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.